முழுசாகக் கட்டுகிறவள்

சலவைக்கடைக்காரி அந்த மாடிப்படியை முதன்முதலாக ஏறியது சீட்டாட அல்ல, தம்பியின் காதைப் பிடித்து இழுத்து வரத்தான். தம்பி என்றால் பொடியன் அல்ல, கல்யாண வயது கைநழுவிக்கொண்டிருந்த ஆள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹோட்டலுக்குப் போய்ச் சேர வேண்டிய படுக்கை விரிப்புகள் வேனிலேயே கிடந்தன. வேன் ஒரு மெத்தைக் கடை வாசலில் நின்றது. கடைக்கு மேலே, முறைப்படி உரிமம் வாங்கி நடந்துகொண்டிருந்த சீட்டு மன்றம். கேள்விப்பட்டதும் இஸ்திரி மேசையை அப்படியே விட்டுவிட்டு வந்தவள், இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

புகையும் கூச்சலும் குடிகாரர்களுமாக இருக்கும் என்று நினைத்துக் கதவைத் தள்ளியவளுக்குப் பொசுக்கென்று போய்விட்டது. பெரிய ஜன்னல்கள், நல்ல வெளிச்சம், பச்சைத் துணி போர்த்திய நீள்வட்ட மேசைகள். பல் வைத்தியரிடம் முறைக்குக் காத்திருப்பவர்கள்போல ஆட்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் என்று இருந்தது பணத்துக்குப் பதிலாகக் கட்டுகிற வட்டக் காய்களின் சத்தம் மட்டும்தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பொத்தான் டப்பாவைக் கிளறுவதுபோல அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்த ஒரு கை முடியட்டும்க்கா, வந்துடறேன்" என்றான் தம்பி, தலையைத் தூக்காமலே.

சீட்டுப் போடுகிற பெண், "நின்னுக்கிட்டுப் பார்க்கக் கூடாதுங்க, உட்காருங்க" என்று காலி நாற்காலியைக் காட்டினாள். சலவைக்கடைக்காரி உட்கார்ந்தாள். அந்தக் கை முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. தம்பி பயந்துகொண்டே எழுந்து, "போலாமாக்கா?" என்றான்.

"நீ போய் விரிப்பைக் கொடுத்துட்டு வா. நான் இதைக் கொஞ்சம் பார்த்துட்டு வர்றேன்."

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் தம்பி இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அப்போது அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா விட்டுப் போனது சலவைக்கடையும் தம்பியும். இரண்டையும் அவள்தான் தூக்கி நிறுத்தினாள். பெண் பார்க்க வருகிறேன் என்று யாராவது சொன்னால் அன்றைக்கென்று பாய்லர் மக்கர் பண்ணும். வந்தவர்கள் கூடத்தில் காத்திருக்க, அவள் முழங்கை வரை கரியோடு பின்கட்டிலிருந்து வருவாள். இரண்டு மூன்று முறை அப்படி ஆனதும் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு மத்தியானம்தான் கொஞ்சம் கனக்கும். மெஷின் ஓடாத கடை, அலசி வைத்த வீடு, பேச ஆளில்லாத வெயில் நேரம். அந்த வெற்றிடத்தில்தான் சீட்டு வந்து உட்கார்ந்தது.

ஆட்டம் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரியும், முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். வரம்பு கிடையாது, முன்னால் இருக்கும் காய் மொத்தத்தையும் தள்ளிவிடலாம். எதிரே இருப்பவர் அதற்கு ஈடு கட்டினால் ஆட்டத்தில் இருப்பார், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவார். கடைசி வரை நின்றவர்களில் யார் கை பெரியதோ அவருக்கு நடுவில் குவிந்ததெல்லாம்.

அவளுக்குப் பிடிபடாதது ஒன்றுதான். நல்ல கை வந்தால் எவ்வளவு கட்டுவது?

ஆரம்பத்தில் அவள் அதைப் பதுங்கிச் செய்தாள். கையில் இரண்டு ராஜா வந்த ஒரு ஞாயிறு அவளுக்கு மறக்கவே இல்லை. அதிகம் கட்டினால் எல்லோரும் ஓடிவிடுவார்களே என்று, பூனைக்குப் பால் வைப்பதுபோல நாலைந்து காயை மெதுவாக நகர்த்தினாள். யாரும் ஓடவில்லை. அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் யார் ஓடுவார்? ஏழும் நாலும் வைத்திருந்த லாரி ஆபீஸ்காரர்கூடத் தங்கிவிட்டார். ஒவ்வொரு சீட்டாக விரிய விரிய அவள் மறுபடி மறுபடி கொஞ்சமாகவே கட்டினாள். கடைசிச் சீட்டு கிளாவராக விழுந்தது. லாரி ஆபீஸ்காரருக்கு ஐந்து கிளாவர் சேர்ந்துவிட்டது, ஒரே இனத்தில் ஐந்து வந்தால் ராஜா ஜோடி நிற்காது.

"ராஜாவை வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் கெஞ்சிக்கிட்டிருந்தே தங்கச்சி? ஒரு உறுமு உறுமியிருந்தா நான் முதல்லயே போயிருப்பேனே!" என்றார் அவர். ஏளனமில்லை, உண்மையான வருத்தம்தான்.

இந்த லாரி ஆபீஸ்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரியது. ஊரில் எந்தச் சரக்கு எந்த லாரியில் போகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மேசையில் யார் கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்கவும் முடியாது. எவ்வளவு கட்டினாலும் ஈடு கட்டுவார். ஏன் அண்ணே இப்படி என்று கேட்டால், "காசு போனா மறுபடி வரும். என்ன வச்சிருந்தான்னு தெரியாமப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்பார்.

அவள் அந்தப் பேச்சை வீட்டுக்கு எடுத்துப் போனாள். வாரம் முழுக்கச் சட்டைக் காலர்களை மடித்துக்கொண்டே யோசித்தாள். அந்த மேசையில் உட்காருகிறவர்கள் யாரும் காயைப் பாதுகாக்க வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள். டிக்கெட் விலை கூடிவிட்டது என்பதற்காகப் பாதிப் படத்தில் எழுந்து போகிறவர்கள் இல்லை. அப்புறம் விலையைக் குறைத்து என்ன ஆகப் போகிறது?

அடுத்த ஞாயிறு அவளுக்கு மூன்று ஒன்பது அமைந்தது. நடுவில் இருந்த அளவுக்குச் சமமாகவே ஒரு குவியலைத் தூக்கி வைத்தாள். லாரி ஆபீஸ்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாரு, கையில ஒண்ணுமில்லாம மிரட்டுறா! எனக்குத் தெரியாதா?"

ஈடு கட்டினார். அடுத்த சீட்டுக்கு அவள் இன்னும் பெரிதாகக் கட்டினாள். அதற்கும் கட்டினார். சீட்டு திறந்தபோது மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நிஜமாவே வச்சிருக்காளே! அடேயப்பா, என்னா ஆவி, என்னா கொதிப்பு!" அன்றிலிருந்து அவளுக்கு 'நீராவி' என்று பெயர் வந்துவிட்டது. நல்ல கை வந்தால் முழுசாகக் கட்டுவாள், ஒளிவுமறைவு கிடையாது. அப்படியிருந்தும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஒரு பெண்பிள்ளை, அதுவும் இஸ்திரிக்காரி, இத்தனை காயைச் சும்மா மிரட்டத்தான் தள்ளுகிறாள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு அவளுக்கு வசதியாகவே இருந்தது. எப்போதாவது தனியாக யோசிக்கும்போது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

அந்த மேசையின் ஓரத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறவர் டிரைவிங் மாஸ்டர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஒல்லியான ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, அளந்து பேசுகிற பேச்சு. மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. ஆட்டத்திலும் அளந்துதான் கட்டுவார். நல்ல கையாக இருந்தாலும் பாதி ஆட்டத்திலேயே கவிழ்த்துவிடுவார். "அவரு மேசைக்கு அடியிலயும் ஒரு பிரேக் வச்சிருக்காரு" என்பார் லாரி ஆபீஸ்காரர்.

மாஸ்டர் வாரத்துக்கு இரண்டு சட்டை கடையில் கொடுத்து வாங்குவார். இருக்கிற ஆறு சட்டையையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து போட்டால் தீர்ந்த வேலை. அவரோ திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. அதைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. தளர்ந்த பொத்தான்களையெல்லாம் அவள் இறுக்கித் தைத்தே கொடுப்பாள். அதைப் பற்றி அவளும் எதுவும் சொன்னதில்லை. தம்பிக்கு எல்லாம் தெரியும். அவன் மேலே விட்டத்தைப் பார்த்துச் சீட்டியடிப்பான்.

வம்பு வந்தது ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலெல்லாம் சாத்தி, பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் கையில் இரண்டு ஆறு. நடுவில் இன்னொரு ஆறும் இரண்டு ஒன்பதும் விழுந்துவிட்டன. மூன்றும் இரண்டும் சேர்ந்த கை என்றால் அந்த மேசையில் வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். நடுவில் இதயம் போட்ட ஆட்டின் சீட்டும் மூன்று கிடந்தது. எல்லோரும் ஒதுங்கி, கடைசியில் மிஞ்சியது மாஸ்டரும் அவளும். மாஸ்டர் காயைத் தொட்டுத் தொட்டு எடுத்த விதத்திலேயே அவருக்கு ஐந்து ஆட்டின் சேர்ந்துவிட்டது என்று மேசைக்கே தெரிந்தது. அதை வெல்லும் கை அவளுடையது, ஐந்து ஆட்டினை மாஸ்டர்கூடக் கவிழ்க்க மாட்டார். எவ்வளவு கட்டினாலும் ஈடு கட்டுவார். முழுசாகக் கட்ட வேண்டிய நேரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அவள் மூன்று காயை மட்டும் நகர்த்தினாள்.

மாஸ்டர் ஈடு கட்டினார். சீட்டு திறந்தது.

"என்ன இது?" என்றார் லாரி ஆபீஸ்காரர். அவர் குரலில் விளையாட்டு இல்லை. "என்னைக் கண்டா மட்டும் தோலை உரிக்கிறே. மாஸ்டருக்கு மட்டும் தடவிக் கொடுக்கிறியா? ரெண்டு பேரும் கூட்டா?"

கூட்டு என்பது அந்த அறையில் சாதாரணச் சொல் அல்ல. இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஆடினால் மன்றத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். சீட்டுப் போடுகிற பெண் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சலவைக்கடைக்காரிக்குக் காது மடல் வரை சூடேறியது. கூட்டு இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் ஏன் குறைத்தாய் என்றால், கை தானாகக் குறைந்துவிட்டது.

மாஸ்டர் எழுந்தார். "கூட்டெல்லாம் கிடையாது. நான் கிளம்புறேன்" என்று காய்களை அள்ளிக்கொண்டு போனார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. திங்கட்கிழமை சட்டையும் வரவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. தம்பி சீட்டியடிப்பதை நிறுத்திவிட்டு, "அக்கா, கடையை நான் பார்த்துக்கிறேன். நீ ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்" என்றான்.

ஊர் ஓரத்தில், உடைந்த மதில் சூழ்ந்த பொட்டல் ஒன்றில்தான் மாஸ்டர் வண்டி பழக்குவார். எண்ணெய் டிரம்களை வரிசையாக வைத்து, அவற்றின் நடுவே பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டியது ஒரு கனத்த அம்மாள். கார் ஒரு டிரம்மை முட்டி உருட்டியது. மாஸ்டர் இறங்கி வந்து டிரம்மை நிமிர்த்தும்போதுதான் அவளைப் பார்த்தார்.

"சட்டை என்ன ஆச்சு?" என்றாள் அவள். அவ்வளவு தூரம் வந்து கேட்பதற்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

"வீட்லயே தேய்ச்சுக்கிறேன்."

"தெரியுது. காலர் கருகியிருக்கு."

அவர் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீங்க அங்க எல்லாரையும் ஒரு ஆளா மதிச்சுக் கட்டுறீங்க. என்கிட்ட மட்டும் இரக்கம். பாவம், தாங்க மாட்டார்னு. அதான் எனக்குப் பொறுக்கல."

"இரக்கம் இல்ல."

"பின்ன?"

எண்ணெய்க் கறைக்கு என்ன, மைக்கறைக்கு என்ன என்று கேட்டிருந்தால் மடமடவென்று சொல்லியிருப்பாள். காரிலிருந்த அம்மாள் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினாள். அழுத்தியவளுக்கு அதை விடத் தெரியவில்லைபோல, அது அலறிக்கொண்டே இருந்தது. அந்த அலறலுக்கு மேலே குரலை உயர்த்திச் சலவைக்கடைக்காரி கத்தினாள்:

"ஞாயித்துக்கிழமை வாங்க! குறைக்க மாட்டேன்!"

அவர் வந்தார், கருகிய காலரோடேயே. லாரி ஆபீஸ்காரர் அன்றைய பேச்சுக்கு வெட்கப்பட்டு, எல்லோருக்கும் தன் செலவில் டீ சொல்லியிருந்தார். முதல் ஒரு மணி நேரம் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பழைய கலகலப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

நாலு மணி வெயில் ஜன்னல் வழியாகப் பச்சைத் துணியில் விழுந்த நேரத்தில் அவளுக்கு இரண்டு ராணி வந்தது. நடுவில் விழுந்தது ராணி, எட்டு, எட்டு. பிறகு ஒரு மூன்று. பிறகு ஒரு ஜாக்கி. மூன்று ராணி, இரண்டு எட்டு. அவள் வாழ்நாளில் அதற்கு முன் இவ்வளவு பெரிய கை வந்ததில்லை. லாரி ஆபீஸ்காரர் அன்றைக்கென்று பார்த்து ஒதுங்கியிருந்தார். எதிரே மாஸ்டர் மட்டும். அவர் முதலிலிருந்தே தைரியமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், அவரிடமும் ஏதோ பெரிதாக இருந்தது.

அவள் தன் முன்னால் இருந்த காய்களைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் எல்லாவற்றையும் சேர்த்து, பொங்கி வழிகிற துணி மூட்டையைத் தள்ளுவதுபோல நடுவுக்குத் தள்ளினாள். ஒரு காய் மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. அதையும் குனிந்து எடுத்து மேலே வைத்தாள்.

மாஸ்டர் நிமிர்ந்தார். அவர் பார்த்தது சீட்டை அல்ல, அவளை. அந்த அறையில் அத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படி நேராகப் பார்த்ததில்லை. பார்க்கிறவர்களெல்லாம் பொய்யைத் தேடுவார்கள். அவர் எதையும் தேடியதாகத் தெரியவில்லை.

பிறகு தன் இரண்டு சீட்டையும் திருப்பி, எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். ஒரு ஏஸ், ஒரு எட்டு. நடுவில் கிடந்த இரண்டோடு சேர்த்து மூன்று எட்டு.

"ஒதுங்குறேன்" என்றார்.

"யோவ் மாஸ்டர்!" லாரி ஆபீஸ்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார். "மூணு எட்டை எவனாவது கவிழ்ப்பானா? என்ன வச்சிருக்கான்னு பார்க்க வேணாமா?"

"எதுக்குப் பார்க்கணும்? குறைக்க மாட்டேன்னு சொன்னாங்க. சொன்னதைச் செய்றவங்க. இவ்வளவு கட்டியிருக்காங்கன்னா, இருக்கு."

அவள் சீட்டைக் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவில்லை. ஆட்டக்காரியாக அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. பிறந்ததிலிருந்து வராத கை வந்திருக்கிறது, முழுசாகத் தள்ளியிருக்கிறாள், ஊரே ஈடு கட்டும் இடத்தில் இந்த மனுஷன் ஒருத்தர் மட்டும் ஒதுங்குகிறார்! அந்த எரிச்சலுக்கு அடியில், அவள் இதுவரை அறியாத ஒரு நிம்மதி நெஞ்சில் பரவிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அவள் சொல்லை அப்படியே நம்பியவர் அவர் ஒருத்தர்தான்.

படியிறங்கும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

"என்ன வச்சிருந்தீங்க?"

"நம்பித்தானே ஒதுங்கினீங்க. அப்புறம் என்ன கேள்வி?"

"சும்மா... தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"தெரியணும்னா நாளைக்குச் சட்டையைக் கொண்டாங்க. ஆறையும் ஒண்ணா கொண்டாங்க. தவணையில கொண்டு வந்தது போதும்."

மறுநாள் காலையில் அவர் ஒரு பெரிய பையோடு வந்து நின்றார். தம்பி கடைக்குள் ஓடிப்போய்த் துணி மூட்டைக்குப் பின்னால் நின்று சிரித்தான். இரண்டு மாதத்தில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டது லாரி ஆபீஸ்காரர். பேனாவை எடுத்தவர், "இப்பவாவது சொல்லு தங்கச்சி, அன்னைக்கு உன் கையில என்ன?" என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. அவருக்கு எத்தனை ராத்திரி தூக்கம் போனதோ தெரியாது.

அதற்குப் பிறகும் பல வருஷம் அவர்கள் இருவரும் ஞாயிறு தவறாமல் மாடி ஏறினார்கள். புருஷன் பெண்டாட்டி ஒரே மேசையில் ஆடினால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று அவர்களாகவே வேறு வேறு மேசையில் உட்காருவார்கள். அந்த மேசையிலிருந்து லாரி ஆபீஸ்காரர் அலறுவது கேட்டால், இந்த மேசையில் மாஸ்டர் தனக்குள் சிரித்துக்கொள்வார். வீட்டில் சண்டை வந்தால் அவள் அரைகுறையாக எதையும் பேச மாட்டாள், கொட்டித் தீர்ப்பாள். அவரும் 'அப்படியா சொன்னே' என்று கிளற மாட்டார். அந்த வீட்டில் சண்டைகள் சீக்கிரம் முடிந்தன.

கடைசியில் மெத்தைக் கடை மாடிக்கும் பரவியதால் மன்றத்தை மூடினார்கள். லாரி ஆபீஸ்காரர் மகள் வீட்டோடு வேற்றூருக்குப் போனவர், அங்கேயே காலமானார். மாஸ்டருக்கு இதயம் பலவீனமாயிற்று. ஒரு வெயில்காலத்தில், சாப்பிட்டு முடித்துச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவள் அதிகம் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வாரக்கணக்கில் அவருடைய வெள்ளைச் சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, அடுக்கி, மறுபடி எடுத்துத் துவைத்தாள் என்பது தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் தம்பி அவளை ஒரு கட்டில் வாங்க அதே மெத்தைக் கடைக்கு அழைத்துப் போனான். அவளுக்கு முட்டி வலி, தாழ்வான கட்டில் ஆகவில்லை. கடைக்காரன், "நல்ல மாடலெல்லாம் மேல இருக்கும்மா" என்றான். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே வரிசையாகக் கட்டில்கள். ஜன்னல்கள் மட்டும் அதே ஜன்னல்கள், ஆனால் இடம் நினைவில் இருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. மேசை இருந்த இடத்தில் போட்டிருந்த கட்டில் ஒன்றில் உட்கார்ந்தாள். மெத்தை அழுந்தியது.

"எப்படிக்கா இருக்கு?" என்றான் தம்பி.

"அந்த ஞாயித்துக்கிழமை திரும்ப வந்தா நல்லா இருக்கும்டா."

அவன் கட்டிலைக் கேட்டான், அவள் வேறெங்கோ இருந்தாள். எந்த ஞாயிறு என்று அவன் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"வந்தா? இந்தத் தடவை கொஞ்சமா கட்டி, அவரை ஈடு கட்ட வச்சுருவியா?"

"போடா இவனே" என்று அவன் தலையில் தட்டினாள். "அதே மாதிரி எல்லாத்தையும் தள்ளுவேன். அவரு என்னைப் பார்த்தாரே, அதை இன்னொரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான்."

கடைக்காரன் விலைப்பட்டியலோடு வந்து நின்றான். அவள் மெத்தையைக் கையால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உயரம் சரியா இருக்கு, இதையே போடுப்பா" என்றாள்.